1922 சென்ட்டில் 'டி' எங்கே போனது? டைக்கும் அடிக்கும் நடுவே ஒரு நிகழ்வு ஆய்வு

1922-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சென்ட் காசு அடித்தது டென்வர் நாணயச் சாலை மட்டும்தான். பிலடெல்பியாவும் சான் பிரான்சிஸ்கோவும் அந்த வருடம் சென்ட் பக்கமே போகவில்லை. டென்வரில் அடித்தது 71 லட்சத்து 60 ஆயிரம் காசுகள். டென்வர் சென்ட் என்றால் தேதிக்கு, அதாவது வருட எண்ணுக்கு, கீழே பொடியாக ஒரு 'டி' இருக்கும். ஆகவே 1922 என்று போட்ட சென்ட் எதை எடுத்தாலும் அதில் டி இருந்தாக வேண்டும். ஆனால் டி இல்லாத 1922 சென்ட்கள் இருக்கின்றன, நல்ல விலைக்கும் போகின்றன.

எந்தச் சாலையில் அடித்தது என்று காட்டும் இந்த மாதிரி அடையாளத்துக்கு மின்ட் மார்க் என்று பெயர். பிலடெல்பியா சென்ட்டுக்கு அந்தக் காலத்தில் அது கிடையாது. இதே குறை வேறொரு வருடத்தில் வந்திருந்தால் 'பிலடெல்பியா காசு' என்று எல்லாரும் தாண்டிப் போயிருப்பார்கள். பிலடெல்பியா சும்மா இருந்த வருடத்தில் வந்ததால்தான் மாட்டிக்கொண்டது.

காசு சேர்க்கத் தொடங்குபவர்களைக் குழப்பும் கேள்விக்கு இதைவிட நல்ல கேஸ் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு காசில் ஏதோ ஒன்று சரியாக வரவில்லை. அது அச்சின் அடி சரியாக விழாததாலா, எரர் காயினா (தயாரிப்பில் தவறு நேர்ந்த காசு), டை (காசின் உருவம் வெட்டிய அச்சு) தேய்ந்ததாலா? டி இல்லாத 1922 சென்ட்களைப் பார்த்தால், ஒரே மாதிரி தெரியும் காசுகளுக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில்கள் இருக்கின்றன. சந்தையும் அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு கொடுக்கிறது.

வெள்ளிக்கு வந்த கிராக்கி

கதை தொடங்குவது இந்தியாவில். 1918-இல் உலகப் போரின் நடுவே, காகித நோட்டின் மேல் இங்கே சனங்களுக்கு இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நோட்டை நீட்டி வெள்ளி ரூபாயாகக் கேட்டார்கள். அரசின் கையிருப்பு மளமளவென்று கரைந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. அந்த ஏப்ரலில் நெவாடா செனட்டர் கீ பிட்மனின் பெயரில் ஒரு சட்டம் வந்தது: கஜானாவில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் வெள்ளி டாலர்களை உருக்கி விற்கலாம், ஆனால் பிற்பாடு அதே அளவு வெள்ளியை உள்நாட்டில் வாங்கி மறுபடியும் டாலர் அடித்து ஈடுகட்ட வேண்டும். 27 கோடிக்கும் மேற்பட்ட டாலர்கள் உருகின. அதில் ஏறக்குறைய 25 கோடியே 90 லட்சம் டாலர்களின் வெள்ளி இந்திய ரூபாயின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் உங்கள் வீட்டுப் பீரோவில் இருந்தால், அதில் உருகிப்போன அமெரிக்க டாலர் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

ஈடுகட்டும் வேலை 1921-இல் தொடங்கியது. 1922-இல் மூன்று நாணயச் சாலைகளும் டாலர் அடிப்பதிலேயே மூழ்கின. பிலடெல்பியா 5 கோடியே 17 லட்சம், சான் பிரான்சிஸ்கோ 1 கோடியே 74 லட்சம், டென்வர் 1 கோடியே 50 லட்சம். இன்னொரு பக்கம் 1920-21-இன் வியாபார மந்தத்தில் சில்லறைக்குத் தேவையே குறைந்திருந்தது. ஐந்து சென்ட், பத்து சென்ட், கால் டாலர் எதுவும் அந்த வருடம் அடிக்கப்படவில்லை. சில்லறையில் அடித்தது டென்வரின் சென்ட் ஒன்றுதான்.

டைகள் எல்லாம் பிலடெல்பியாவில் செய்யப்பட்டு மற்ற ஊர்களுக்குப் போகும். டாலருக்கே டை செய்து மாளாத வருடத்தில் டென்வரின் சென்ட் டைகள் எந்த அளவுக்கு ஓட்டப்பட்டன என்பதை அந்தக் காசுகளே காட்டுகின்றன. டி தெளிவாக இருக்கும் 1922 சென்ட்களில்கூட எழுத்துகள் மழுங்கி, பின்பக்கத்தில் இருக்கும் கோதுமைக் கதிரின் கோடுகள் அரைகுறையாக வந்தவை நிறைய உண்டு.

மேடும் பள்ளமும்

காசில் எது மேடோ, அது டையில் பள்ளம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடிக்கும் நேரத்தில் உலோக வில்லை இரண்டு டைகளுக்கு நடுவே நசுங்கி, பள்ளங்களுக்குள் ஏறுகிறது. அழுத்தம் போதவில்லை, அல்லது டைகளுக்கு இடையே இடைவெளி சற்று அதிகம் என்றால், ஆழமான பள்ளத்தின் அடிவரை உலோகம் போய்ச் சேராது. கொழுக்கட்டை அச்சில் மாவு போதாவிட்டால் கூர் முனை மட்டும் வராமல் போகிறதே, அதேதான். ஆக, அடி சரியாக விழாத காசில் முதலில் குறைவது மிக உயரமான இடங்கள்: கன்னம், காதுக்கு மேல் முடி, கழுகின் நெஞ்சு.

டையைத் தேய்த்தால் நடப்பது இதற்கு நேர் எதிர். டையின் சமதளத்தில் ஒரு படலம் போய்விட்டால் எல்லாப் பள்ளமும் அந்த அளவுக்கு ஆழம் குறையும். ஆழமாக வெட்டியது தாங்கும். ஏற்கெனவே மேலோட்டமாக இருந்தது அடியோடு காணாமல் போகும். காசில் அப்போது மறைவது தாழ்வான, பொடிப் பொடி விவரங்கள்.

லிங்கன் தலை போட்ட இந்த சென்ட்டின் டி இரண்டாவது வகை. லிங்கன் உருவமும் எழுத்துகளும் மூல அச்சிலிருந்து டைக்கு வந்தவை. மின்ட் மார்க்கோ, டை தயாரான பிறகு ஒரு ஆள் சின்ன எழுத்து உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பதித்தது. எத்தனை பலமாகத் தட்டினாரோ அத்தனை ஆழம். ஒரு டையில் ஆழமாக இருக்கும், அடுத்ததில் லேசாக இருக்கும். மொத்த டையிலும் தேய்மானத்துக்கு முதலில் பலியாகக்கூடியது அதுதான்.

கிரீஸ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. எந்திர எண்ணெயும் உலோகத் தூளும் சேர்ந்த பிசின் டையின் பள்ளத்தில் அடைத்துக்கொண்டால் அந்த இடம் காசில் வராது. மின்ட் மார்க்கின் சின்னக் குழி அடைபடுவது ரொம்ப சுலபம். ஆனால் அடைப்பு நிலையானதல்ல. ஒரு கட்டத்தில் பிசின் பெயர்ந்து விழும். அடுத்த காசில் எழுத்து திரும்ப வந்துவிடும். டையைத் தேய்த்துவிட்டால் அப்படித் திரும்பாது. அதன் பிறகு அந்த டை அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே குறை, அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். சேகரிப்பவர்கள் ஒன்றை 'வெரைட்டி' (தனி ரகம்) என்று பெயரிட்டு வைத்துக்கொள்வதும் இன்னொன்றைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

ஒப்பிட ஒரு டாலர்

உண்மையிலேயே அடி விழாத காசு எப்படி இருக்கும்? அதே பிட்மன் சட்டத்துக்காக அடித்த 1921 பீஸ் டாலரைப் பாருங்கள். 1921 டிசம்பரின் கடைசி நாட்களில் பிலடெல்பியாவில் 10 லட்சத்து 6 ஆயிரத்துச் சொச்சம் அடித்தார்கள். அந்தோணி டி பிரான்சிஸ்கியின் வடிவமைப்பில் உருவம் மிக உயரமாக எழும்பி நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் ஒரே அடியில் அத்தனை உயரத்துக்கு உலோகத்தை ஏற்ற எந்திரத்தால் முடியவில்லை.

விளைவு: யார் கையிலும் புழங்காத, புத்தம் புதிய 1921 டாலரிலும், முன்பக்கத்துப் பெண் உருவமான லிபர்ட்டியின் காதுக்கு மேலே முடி தட்டையாக இருக்கும். சந்தேகம் வந்தால் காசைத் திருப்புங்கள். நேர் பின்னால், நடுவில், கழுகின் இறகுகளும் மங்கலாக இருக்கும். ஒரு பக்கத்துப் பள்ளத்தை நிரப்பவே உலோகம் போதவில்லை என்றால் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் சேர்ந்துதானே பட்டினி கிடக்கும்? அந்தத் தட்டையான இடத்தை லூப்பில் (சின்ன உருப்பெருக்கி) பார்த்தால் மினுமினுப்பு அப்படியே இருக்கும். வில்லையில் அடிக்கு முன்பே இருந்த சின்னச் சின்னக் கீறல்கள்கூட நசுங்காமல் மிச்சம் இருக்கும். புழங்கித் தேய்ந்த காசில் இவை இருக்காது. தேய்ந்த இடம் வழவழவென்று நிறம் மாறிப்போயிருக்கும்.

1922 தொடக்கத்திலேயே உருவத்தின் உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். டைகள் வேறு சீக்கிரம் உடைந்துகொண்டிருந்தன. 1921 டாலரின் நடு முடி தட்டையாக இருப்பதை யாரும் எரர் என்று சொல்வதில்லை. அந்த வருடத்துக் காசின் சுபாவம் அது. நடு முடி நன்றாக வந்த காசு கிடைத்தால் அதற்குத்தான் கூடுதல் விலை.

ஜோடி ஜோடியாக

இனி சென்ட்டுக்கு வருவோம். நாணயவியலாளர்கள் டி மங்கியும் மறைந்தும் வரும் 1922 காசுகளை அவற்றை அடித்த டை ஜோடிகளை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். டி இல்லாமல் வருவதில் முக்கியமானவை ஜோடி 1, 2, 3 என்று எண் போட்டு அழைக்கப்படுபவை.

ஒன்றும் மூன்றும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன் டையும் களைத்துவிட்டது, பின் டையும் களைத்துவிட்டது. டி மெல்ல மெல்ல மங்கி, சில காசுகளில் நிழலாக, சிலவற்றில் சுத்தமாக இல்லாமல் வருகிறது. பின்பக்கத்துக் கோதுமைக் கதிர்களில் கோடுகளே தெரியாது. கதிரா, கட்டையா என்று கேட்கத் தோன்றும். இது வயதான டை, அதோடு அங்கங்கே அடைப்பும் சேர்ந்திருக்கலாம்.

இரண்டாம் ஜோடிதான் விஷயம். அதன் முன்பக்கம் ஓய்ந்துபோயிருக்கும். டியின் சுவடே இருக்காது. காசைத் திருப்பினால் ஆச்சரியம். கோதுமைக் கதிரின் ஒவ்வொரு கோடும் எண்ணிவிடலாம் போல நறுக்கென்று இருக்கும். கிழட்டு முன் டைக்குப் புத்தம் புதுப் பின் டை ஜோடி.

பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு சுற்றில் நடுவே வில்லை வந்து விழவில்லை. இரண்டு டைகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. மோதினால் ஒன்றின் உருவம் மற்றொன்றின் முகத்தில் தழும்பாகப் பதியும். பின் டை இனி உதவாது என்று கழித்துப் புதியது போட்டார்கள். முன் டையைக் கழிக்க மனம் வரவில்லை, அல்லது மாற்று இல்லை. தழும்பு போகும்வரை தேய்த்து மறுபடி மாட்டினார்கள். தழும்போடு டியும் போனது.

இந்த விளக்கத்தைக் காசை வைத்தே சரிபார்க்க முடியும். சென்ட்டை மேலிருந்து கீழாகப் புரட்டினால், தேதிக்கும் டிக்கும் நேர் பின்னால் வருவது வலது கோதுமைக் கதிரின் மேல்பகுதி. டி வராததற்கு அடியின் பலவீனம்தான் காரணம் என்றால், 1921 டாலரில் கண்ட மாதிரி அந்தக் கதிரும் மங்கியிருக்க வேண்டும். இரண்டாம் ஜோடியில் அது கூர்மையாக இருக்கிறது. உலோகம் ஏறியிருக்கிறது, அழுத்தம் போதுமானதாக இருந்திருக்கிறது, அடி நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. அடித்த டையில் டி இல்லை, அவ்வளவுதான். 'அடி சரியில்லாத சென்ட்' என்று இதை இன்னும் சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. 1922 சென்ட்களிலேயே பின்பக்கம் ஆகச் சிறப்பாக விழுந்தவற்றில் சில இந்த ஜோடியில் வந்தவை.

லூப்பில் பார்க்கும் வரிசை

பத்து மடங்கு லூப் போதும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும். உச்சி விளக்கு வேண்டாம்.

பின்பக்கத்தை முதலில் பாருங்கள். எல்லாரும் ஆர்வத்தில் தேதிக்குக் கீழேதான் லூப்பை வைக்கிறார்கள். டி இருக்கிறதா இல்லையா என்று அரைமணி நேரம் கண்ணைக் கசக்கிப் பார்ப்பதைவிடக் கோதுமைக் கதிரைப் பார்ப்பது லாபம். காசு எவ்வளவு புழங்கியிருக்கிறது என்பதற்கு ஏற்ற அளவில் கோடுகள் இருக்கின்றனவா? விளிம்பும் எழுத்துகளும் அதிகம் தேயாமல் இருக்கும்போது கதிர் மட்டும் வழுக்கையாக இருந்தால், பின் டையே தேய்ந்தது. இரண்டாம் ஜோடி அல்ல. அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கோடுகள் நன்றாக இருந்தால் முன்பக்கம் வாருங்கள். தேதியில் இரண்டு 2-கள் இருக்கின்றன. இரண்டாம் ஜோடியில் கடைசி 2 அதற்கு முந்தைய 2-ஐவிடக் கூர்மையாக இருக்கும். முதல் ஜோடியில் இது தலைகீழ்: கடைசி 2 தான் மங்கல். அப்புறம் மேலே 'இன் காட் வீ டிரஸ்ட்' வரியைப் பாருங்கள். இரண்டாம் ஜோடியில் 'டிரஸ்ட்' என்ற சொல்லின் எல்லா எழுத்துகளும் தெளிவாக இருக்க வேண்டும். 'வீ' கொஞ்சம் குழைந்திருக்கலாம்.

டியின் இடத்துக்குக் கடைசியில் போனால் போதும். அங்கே எதுவும் இருக்கக் கூடாது. 'எதுவும்' என்றால் நிழல்கூட. காசைச் சுற்றிச் சுற்றித் திருப்பும்போது ஒரு கோணத்தில் மட்டும் டியின் முதுகு மாதிரி ஏதோ தெரிந்து மறைந்தால், அதன் பெயர் 'வீக் டி'. விலையில் அது வேறு காசு.

டைத் தேய்மானத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஓடி ஓடிக் களைத்த டையில் எழுத்துகள் விளிம்பை நோக்கி இழுத்துவிட்ட மாதிரி வீங்கும். சமதளத்தில் மையத்திலிருந்து வெளியே ஓடும் நுண்ணிய கோடுகள் தெரியும். உலோகம் ஆயிரக்கணக்கான தடவை அதே வழியில் உராய்ந்து போனதன் தடம் அது. அடி குறைந்த காசில் இந்தத் தடம் இருக்க வேண்டிய அவசியமில்லை. டை புத்தம் புதிதாக இருந்தாலும் அடி குறைவாக விழலாம்.

எடையும் போட்டுவிடுங்கள். சென்ட் 3.11 கிராம், விட்டம் 19 மில்லிமீட்டர். அமிலத்தில் நனைத்து எழுத்தை மங்கவைத்த காசு எடை குறைந்து நிற்கும். அமிலம் டியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்னாது என்பதால் இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கரைந்திருக்கும்.

சாதாரண டென்வர் சென்ட்டிலிருந்து டியைச் சுரண்டி எடுத்து விற்பதும் பழைய தொழில்தான். சுரண்டிய இடத்தில் சமதளம் மிகச் சற்றுத் தாழ்ந்திருக்கும், அல்லது ஒரே திசையில் ஓடும் கோடுகள் இருக்கும், அல்லது அங்கே மட்டும் நிறம் வேறு. திறமையான ஆள் செய்திருந்தால் இவை எதுவும் சட்டென்று தெரியாது. ஆனால் கடைசி 2-ஐயும் 'டிரஸ்ட்'டையும் அவரால் மாற்ற முடியாது. டியைப் பற்றிய தீர்ப்பை டி இல்லாத இடங்களிலிருந்து சொல்வது இதனால்தான்.

எரர் என்று சொல்லலாமா?

இங்கே ஆளாளுக்கு ஒரு கருத்து. எரர் சேகரிப்பவர்கள் குறை எங்கே பிறந்தது என்று கேட்பார்கள்: வில்லையிலா, டையிலா, அடிக்கும்போதா? வில்லையில் ஒரு துண்டு வெட்டுப்பட்டிருந்தால் வில்லைக் குறை. காசு மையம் விலகி விழுந்தால் அடிக் குறை. டையில் விரிசலோ, மேடுபள்ள மாற்றமோ இருந்தால் டைக் குறை. 'சரியாக விழாத அடி' என்பதை இந்த மூன்றில் எதிலும் நான் சேர்க்க மாட்டேன். அது அளவின் விஷயம். ஒவ்வொரு காசிலும் அடி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அழுத்தமே இல்லாத மாதிரி பேய்த்தனமாக மங்கிய காசு வந்தால் அது வேறு கதை.

இரண்டாம் ஜோடியின் காசை 'எரர்' என்பதைவிட 'டை வெரைட்டி' என்பது சரி. ஆள் தெரிந்தே டையைத் தேய்த்திருக்கிறார். அவர் எதிர்பாராதது டி போனதை. ஒன்றும் மூன்றும் 'டையின் கடைசிக் காலம்' என்ற கணக்கில் வரும். மூன்றிலும் டி இல்லை. ஆனாலும் மூன்றும் ஒன்றல்ல. தரச்சான்று நிறுவனங்களும் இதை ஏற்றுக்கொள்கின்றன. உதாரணமாக பி.சி.ஜி.எஸ் 'டி இல்லை, பின்பக்கம் தெளிவு' என்று ஒரு பெயரும், 'பின்பக்கம் மங்கல்' என்று இன்னொன்றும், 'வீக் டி' என்று வேறொன்றும் வைத்திருக்கிறது. பின்பக்கம் தெளிவான காசு நன்றாகப் புழங்கிய நிலையிலேயே சில நூறு டாலருக்குப் போகும். புத்தம் புதிதாகக் கிடைத்தால் பல ஆயிரம். சாதாரண டி உள்ள 1922 சென்ட் அதே புழங்கிய நிலையில் அதில் ஒரு சிறு பங்குதான். மங்கல் ரகங்கள் நடுவில் எங்கோ நிற்கின்றன.

மங்கல் ரகத்துக்குக் கூடுதல் விலை தருவது எனக்குச் சம்மதமில்லை. களைத்த டையின் காசு எந்த வருடத்திலும் கிடைக்கும். தரச்சான்றுப் பெட்டியில் எழுதியிருக்கும் 'டி இல்லை' என்ற இரண்டு சொல்லுக்காக வாங்குகிறார்கள், சரி, அது அவரவர் பணம்.

தரம் போடுவதிலும் இரண்டாம் ஜோடி தனி ரகம். அதன் முன்பக்கம் பிறக்கும்போதே மங்கியது. லிங்கனின் கன்னத்தையும் தாடியையும் பார்த்துப் 'பாவம், ரொம்பப் புழங்கிவிட்டது' என்று தரத்தைக் குறைத்தால் காசுக்கு அநியாயம் செய்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் இதன் தரத்தைப் பின்பக்கத்தைச் சார்ந்தே சொல்வார்கள்.

இதன் தம்பியும் இதன் எதிரியும்

டை மோதி, தேய்த்து, ஏதோ ஒன்று காணாமல் போன கதை டென்வரில் மறுபடி நடந்தது. 1937 எருமை நிக்கலில் (எருமை உருவம் போட்ட ஐந்து சென்ட் காசு) ஒரு டை எருமையின் முன்னங்கால் ஒன்றை இழந்தது. மூன்று கால் எருமை என்று அது பிரபலம். அதற்கும் பொய்க் காசுகள் உண்டு. நாலு கால் எருமையில் ஒன்றைச் சுரண்டினால் முடிந்தது வேலை. நிஜக் காசில் எருமையின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே வரிசையாகப் பொடி மேடுகள் இருக்கும். காசில் மேடு என்றால் டையில் பள்ளம். சுரண்டுபவரால் உலோகத்தை எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. ஆகவே காலைப் பார்க்காமல் அந்தப் புள்ளிகளைத் தேடுவார்கள்.

எதிரி என்று நான் சொல்வது 1945 பிலடெல்பியா பத்து சென்ட்டை. டைம் என்பார்கள். 15 கோடியே 91 லட்சத்துக்கு மேல் அடித்த, மூலைக்கு மூலை கிடைக்கும் காசு. அதன் பின்பக்கத்தில் கோடரியோடு சேர்த்துக் கட்டிய குச்சிக் கட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டின் நடுவே ஓடும் இரட்டைப் பட்டை இரண்டாகப் பிரிந்து தெரிய வேண்டும். 1945-இல் அது ஏறக்குறைய எந்தக் காசிலும் பிரியவில்லை. பிரிந்து தெரியும் காசு கிடைத்தால் விலை எங்கேயோ போய்விடும். இங்கே எதுவும் தவறாக நடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு காசு, வடிவமைத்தவர் நினைத்தபடி, முழுசாக வந்துவிட்டது. அதற்குத்தான் அந்த விலை. அடியின் தரம் என்பது இப்படிப்பட்ட காசுகளில் பேச வேண்டிய சொல். இரண்டாம் ஜோடி சென்ட்டில் அதற்கு வேலையே இல்லை.

நட்சத்திரம் இல்லாத ரூபாய்

இந்தியக் காசு சேர்ப்பவர்களுக்கு இந்தக் கேஸ் நேரடியாக உதவும் ஒரு இடம் உண்டு. நம் காசுகளில் தேதிக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா. எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. அதாவது பழைய பிலடெல்பியாவின் இடத்தில் நமக்குக் கொல்கத்தா.

'மின்ட் மார்க் இல்லாத எரர்' என்று விற்பனைக்கு வரும் ரூபாய்களைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி: இது ஏன் சாதாரணக் கொல்கத்தா காசாக இருக்கக் கூடாது? 1922 சென்ட்டுக்குக் கிடைத்த ஆதாரம், அந்த வருடம் அடித்தது ஒரே சாலைதான் என்பது. நம் ரூபாய்க்கு அது பெரும்பாலும் கிடையாது. ஆகவே விற்பவர் வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். ஹைதராபாத் டைக்கே உரிய வேறு அடையாளம் ஒன்றைக் காட்டலாம்: எண்ணின் வடிவம், தேதி நிற்கும் இடம், ஒரு டை விரிசல். அதே விரிசல் உள்ள, நட்சத்திரமும் உள்ள இன்னொரு காசைப் பக்கத்தில் வைத்தால் வழக்கு முடிந்தது.

அப்படி நிரூபித்தாலும், நட்சத்திரம் போனது கிரீஸ் அடைப்பாலா, தேய்த்ததாலா என்பது பாக்கி. நட்சத்திரத்தின் ஒரு கை மட்டும் தெரிந்து மற்றவை மொட்டையாக, குழைந்து இருந்தால் அடைப்பு. பக்கத்தில் உள்ள தேதியின் கால்களும் மெலிந்து, சமதளத்தில் டையைத் தேய்த்த பொடிக் கீறல்கள் மேடாக ஓடினால் தேய்ப்பு. டையில் விழுந்த கீறல் காசில் மேடாகத்தான் வரும். காசில் பிறகு விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும்.

1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய், 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், இந்தப் பயிற்சிக்கு நல்ல காசு. எஃகு வெண்கலத்தைவிடக் கடினம். பள்ளத்தில் ஏற அடம்பிடிக்கும், டையையும் சீக்கிரம் தின்னும். ஒரு கைப்பிடிச் சில்லறையை மேசையில் கொட்டி நடுச் சிங்கத்தின் முகத்தை ஒவ்வொன்றிலும் பாருங்கள். தட்டையாக இருக்கும் காசைத் திருப்பி, நேர் பின்னால் என்ன இருக்கிறது, அதுவும் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மங்கல் என்றால் அடி. ஒரு பக்கம் மட்டும் என்றால் டை, அல்லது புழக்கம். மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் அந்த இரண்டில் எது என்பதும் பிடிபட்டுவிடும்.

வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு பக்கப் படமும் கேளுங்கள், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்ததாக. தேதிப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்பிவிட்டு மறுபக்கத்துக்குத் தயங்குபவரிடம் நான் வாங்குவதில்லை.